எட்வின் சொன்ன "அமத்திட்டு"

இராஜபாளையம்
புதன்கிழமை காலை

அன்புள்ள அக்சாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் ஜோவும் நலமாக இருக்கிறோம். நீயும் நலம் என்று பதில் எழுதினால் நம்ப மாட்டேன், அதனால் சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்பதை மட்டும் எழுது போதும். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பாதியில் அழுகிறாய், நான் பாதியில் அதட்டுகிறேன், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடுகிறது. இது நீ உட்கார்ந்து இரண்டு முறை படிக்க வேண்டிய விஷயம். நம் தெரு லிங்கேஸ்வரன் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பருப்புப்பொடிப் பொட்டலத்தோடு ஒரு பழுப்பு உறையும் ஒரு பென் டிரைவும் இருக்கும். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு அவற்றைப் பிரி.

அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, ஆனால் சாயங்காலம் கடையில் யாருக்கும் தெரியாமல் வடை தின்பதாகக் கேள்வி. ஜோ ஒரு பேப்பர் பாக்கி வைத்திருக்கிறான். கேட்டால் வாத்தியார் சரியில்லை என்கிறான். மில்லில் இப்போது இரண்டு ஷிப்டுதான் ஓடுகிறது, எனக்கு லேபில் வேலை குறைவு. அங்கே உங்கள் கட்டடத்தில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு இங்கே எல்லோருமே நிபுணர்களாகிவிட்டார்கள். பக்கத்து வீட்டு வெங்கடேஸ்வரி காம்பவுண்டு சுவர்மேல் சாய்ந்துகொண்டு, அம்புட்டும் இன்சூரன்சுக்காகக் கொளுத்தினதுதான், முதலாளியே ஆள் வைத்துச் செய்திருக்கிறான் என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். வாட்ஸ்அப்பில் வந்தது என்றார். யார் அனுப்பியது என்றதற்கு, அவர் கொழுந்தியாளுக்கு யாரோ அனுப்பினார்களாம். கோவிலில் வேறு கதை, பத்தொன்பதாம் மாடியில் யாரோ சிகரெட்டைப் போட்டுவிட்டார்கள் என்று. மில் கேண்டீனில் மூன்றாவது கதை, வெளிச்சுவரில் ஒட்டிய பலகைதான் பஞ்சு மாதிரிப் பிடித்துக்கொண்டது என்று. இதில் எதுவும் பொய் என்று நான் சொல்லவில்லை. எதுவும் எனக்குத் தெரியாது என்று சொல்கிறேன். பதினொரு பேர் இறந்திருக்கிறார்கள், எப்படிப் பிடித்தது என்று இன்னும் ஒருவரும் நிரூபிக்கவில்லை, இந்த இரண்டு மட்டும்தான் உறுதி. நீ ஆறாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் மில்லில் பஞ்சு பிரிக்கும் புளோரூமில் தீப்பிடித்தது உனக்கு நினைவிருக்கும். அன்று மதியமே ஒரு கூலிக்காரர் பீடி குடித்தார் என்று முடிவு கட்டி அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் கழித்துப் பஞ்சுப் பேலுக்குள் இருந்து வந்த இரும்புத் துண்டு உரசித்தான் பொறி வந்தது என்று தெரிந்தது. அந்த மனிதர் திரும்பி வேலைக்கு வரவேயில்லை. அதற்குப் பிறகு, தீப்பிடித்த அன்றே யாராவது ஒரு பெயரைச் சொன்னால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

உங்கள் கம்பெனி பராமரிக்கும் அந்த முப்பத்திரண்டு மாடிக் கட்டடத்தில் பிடித்த தீக்குச் சொன்ன பெயர் எட்வின். காவலுக்கு நின்றவன். அவன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் வன்னியம்பட்டிக்காரன் என்றும், போலீஸ் பிடித்துக்கொண்டுபோகும் முன்னால் அவன் பேசிய நாலு நிமிடப் பதிவை ஆபீசில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் என்று உன்னிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார்கள் என்றும், அதில் அவனே அபாய மணியை நிறுத்தியதாக ஒப்புக்கொண்டிருக்கிறான் என்றும் நீதான் சொன்னாய். எனக்கு அன்று உன்னைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அவன் வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, இரண்டு பஸ் மாறிப் போனேன். வீட்டில் அவன் அம்மா பரிபூரணமும் மனைவி பாண்டிசெல்வியும் மட்டும் இருந்தார்கள். நான் யார் மகள் யார் என்று அன்றைக்குச் சொல்லவில்லை, ஊர்க்காரி, விசாரிக்க வந்தேன் என்று மட்டும் சொன்னேன். அது சரியில்லை என்று இப்போது தெரிகிறது.

நடந்ததை அப்படியே சொல்கிறேன். நான் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன். மேலே பேன் ஓடவில்லை. பரிபூரணம் அக்கா மருமகளைப் பார்த்து, ஏட்டி செல்வி, அவிய வேர்த்து ஊத்திட்டு உக்காந்திருக்காவ, அந்தப் பேன அமத்து என்றார். ஓடாத பேனை எதற்கு அமத்தச் சொல்கிறார் என்று நான் நினைத்து முடிப்பதற்குள் அந்தப் பெண் எழுந்துபோய் சுவிட்சைத் தட்டினாள், பேன் ஓடியது. நான் காதில் சரியாக விழவில்லையோ என்று கேட்டேன். பாண்டிசெல்வி சிரித்தாள். மூன்று வாரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். எங்க வீட்டுல அமத்துனா ஓடும்க்கா, நிப்பாட்டுனாத்தான் நிக்கும், நானும் கல்யாணம் முடிச்சு வந்த புதுசுல லைட்ட அமத்துன்னா ஆப் பண்ணிட்டு நிப்பேன், இருட்டுக்குள்ள கெடந்து எல்லாரும் என்னயப் பாத்துச் சிரிப்பாக என்றாள். பிறகு விளக்கம் கேட்டேன். எட்வினின் அப்பா கேரளாவில் புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்திருக்கிறார். பிள்ளைகள் பிறந்து வளர்ந்தது அங்கே. மலையாளத்தில் அமர்த்துவது என்றால் அழுத்துவது. அந்தச் சொல் அவர்கள் வாயில் அப்படியே தங்கிவிட்டது. நம் வீட்டில் அமத்து என்றால் அணை. நீ நாலு வயதில் கட்டிலில் படுத்துக்கொண்டு லைட்ட அமத்தும்மா என்பாய், நான் அணைப்பேன்.

அங்கே உட்கார்ந்திருந்தபோதே நீ எனக்குப் போனில் படித்துக் காட்டிய வரி நினைவுக்கு வந்தது. பெல்ல அமத்திட்டுத்தான் கீழ எறங்குனேன், ஒருத்தரும் வரல. நீ அதை மணியை நிறுத்திவிட்டுத்தான் கீழே இறங்கினேன் என்று எழுதியிருக்கிறாய். அவன் சொன்னது மணியை அழுத்திவிட்டுத்தான் இறங்கினேன் என்பது. யோசித்துப் பார். மணியை நிறுத்தியவன் எதற்காக ஒருத்தரும் வரவில்லை என்று குறைப்பட வேண்டும். அழுத்தியும் அது அடிக்கவில்லை, அதனால்தான் ஒருத்தரும் வரவில்லை. இந்தக் கேள்வி எனக்கும் அன்று போனில் தோன்றவில்லை. உன் ஆங்கிலத்தில் குற்றம் ஒன்றுமில்லை அக்சா. பிழை தமிழில் நேர்ந்திருக்கிறது, அதுவும் நான் உனக்குக் கொடுத்த தமிழில்.

நான் உடனே நம்பிவிட்டேன் என்று நினைக்காதே. மகனைக் காப்பாற்ற வேண்டிய வீடு, என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அதனால் தீக்கு முன்னால் எட்வின் மனைவிக்குப் போனில் பேசி அனுப்பிய பதிவுகளை எல்லாம் கேட்க வேண்டும் என்றேன். பாண்டிசெல்வி வெட்கப்பட்டாள், ஆனால் போனைக் கொடுத்தாள். ஒன்றரை மணி நேரம் கேட்டேன். புருஷன் பெண்டாட்டிக்கு அனுப்பியதைக் கேட்பது எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஏழு இடத்தில் அந்தச் சொல் வருகிறது. ஏட்டி, அந்தப் பச்சைய அமத்து, எம்மூஞ்சி தெரியும் என்று ஒன்று, வீடியோவில் கூப்பிடக் கற்றுக் கொடுக்கிறான். லிப்டுல இருவத்தெட்ட அமத்துனா ஏரோப்பிளேன்ல போற மாரி காத அடைக்கி என்று இன்னொன்று. ஏழும் அழுத்துவதுதான், ஒன்றுகூட அணைப்பது இல்லை. அணைக்க வேண்டிய இடத்தில் எல்லாம் நிப்பாட்டு என்கிறான். ஏழும் தேதியோடு பென் டிரைவில் இருக்கின்றன. திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு அந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய், வக்கீல் தனுஷ்கோடியிடம் பிரமாணப் பத்திரம் எழுதச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நெலத்துக்கு வருவாக, பாகப் பிரிவினைக்கு வருவாக, ஒத்த வார்த்தைக்கு அபிடவிட்டு கேட்டு வந்தது நீங்கதாம்மா என்றார். ஆனால் நன்றாக எழுதிக் கொடுத்தார், ஆங்கிலத்திலும் தமிழிலும். உறையில் இருப்பது அதுதான்.

இனி நீ செய்ய வேண்டியது. லிங்கேஸ்வரன் சனிக்கிழமை உன்னிடம் இதைச் சேர்ப்பான். அன்றே உட்கார்ந்து, நான் மொழிபெயர்த்ததில் இந்த ஒரு சொல் தவறு, அதன் சரியான பொருள் இது, ஆதாரம் இவை என்று ஒரே பக்கத்தில் எழுது. மன்னிப்பு, வருத்தம் எதையும் அதில் நீட்டி எழுதாதே. முதலில் தூதரகத்தில் கொடுத்து அங்கே வக்கீல் உதவி கேள், வாங்கியதற்குக் கையெழுத்துப் பெறாமல் திரும்பாதே. பிறகு அவர்களைக் கேட்டுக்கொண்டு விசாரணை அதிகாரிக்கு. உன் மேனேஜருக்கும் ஒரு பிரதி கொடு, அவர் முதுகுக்குப் பின்னால் செய்த மாதிரி இருக்கக் கூடாது, ஆனால் மற்ற இரண்டு இடத்திலும் கொடுத்த பிறகு கொடு. மார்ச் மாதம் தீ ஒத்திகையில் மணி அடிக்கவில்லை என்று குடியிருப்பவர்கள் இரண்டு முறை மெயில் அனுப்பினார்கள், நான் மேலே அனுப்பிவிட்டேன் என்று எனக்குச் சொன்னாய். அதைக் கேட்டால், எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பினாய் என்று மட்டும் சொல். கம்பெனிதான் காரணம் என்று நீ சொல்லாதே. அது உனக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரியாததைச் சேர்த்தால் தெரிந்ததையும் நம்ப மாட்டார்கள்.

இதனால் உனக்கு என்ன வரும் என்று நான் யோசிக்காமல் இல்லை. வேலை போகலாம். விசா போகலாம். அந்த ஊர்ச் சட்டம் எனக்குத் தெரியாது, தனுஷ்கோடிக்கும் தெரியாது, அதனால்தான் முதலில் தூதரகம் என்கிறேன். உன் அப்பா திங்கட்கிழமை முழுக்க என்னோடு பேசவில்லை. பிறகு, பெத்த பிள்ளையக் கெணத்துல தள்ளப் பாக்கியா, அவா என்ன வேணும்னா செஞ்சா, தெரியாமத்தான செஞ்சா என்றார். தெரியாமல் செய்தாள், இப்போது தெரிந்துவிட்டது என்றேன். நேற்றுக் காலையில் அவரே பிரமாணப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் ஐந்து பிரதி ஜெராக்ஸ் எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். ஒரு பிரதி அவர் பையில் இருக்கிறது, எதற்கு என்று கேட்கவில்லை. நீ திரும்பி வர நேர்ந்தால் வா. உன் அறையில் ஜோவின் கிரிக்கெட் சாமான்கள் கிடக்கின்றன, ஒரு மணி நேரத்தில் ஒழித்துவிடலாம். இங்கே உன்னை யாரும் ஏன் வந்தாய் என்று கேட்க விட மாட்டேன்.

ஒன்று பாக்கி. நேற்றுச் சாயங்காலம் மில்லில் இருந்து நேராக வன்னியம்பட்டிக்குப் போய், எட்வின் பேச்சை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தது என் மகள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு அதை மறைத்து வைக்க என்னால் முடியவில்லை. பாண்டிசெல்வி எழுந்து உள்ளே போய்விட்டாள், நான் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன். பரிபூரணம் அக்கா வெகுநேரம் என் செருப்பையே பார்த்துக்கொண்டு இருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கடைசியில், அப்பம் உங்க மவா எம்மவன் பேசுனதக் காதால கேட்டிருக்கா என்றார். ஆமாம் என்றேன். அழுதுட்டே பேசுனானா, சாதாரணமாப் பேசுனானா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்கம்மா, இருவத்திநாலு நாளா அவன் சத்தமே எங்களுக்கு இல்ல என்றார். எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் எத்தனையோ கேட்டேன், இதைக் கேட்கவில்லை.

நீ போகிற வழியிலும் நிற்கிற இடத்திலும் உனக்கு ஒரு குறையும் வராதிருக்கட்டும். தினமும் காலை ஐந்து மணிக்கு உன் பெயரையும் இப்போது எட்வின் பெயரையும் சொல்லி ஜெபிக்கிறேன். ஜெபத்தைப் பற்றிய என் சந்தேகங்கள் உனக்குத் தெரியும், இருந்தாலும் தவறாமல் செய்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. தூதரகத்துக்குப் போகும்போது பாஸ்போர்ட் பிரதியை மறக்காதே. எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தப் பதிவை இன்னொரு முறை கேட்டுவிட்டு, அவன் அழுதானா இல்லையா என்று எனக்கு எழுது. அவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று மாற்றி எழுதாதே. அழுதிருந்தால் அழுதான் என்றே எழுது, நான் நேரில் போய்ச் சொல்கிறேன்.

உன் அம்மா,
எப்சி பென்சன்