உன் தரையில் நான் கொட்டிய மணல்

என் அருமை மாப்பிள்ளை ஏழுமலை,

நடந்ததெல்லாம் நான் முன்பே சொன்னதுதான். கடைசியில் நிற்கப்போவது நம் சேகரும் கோவளத்து ரபேலும்தான் என்று செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் டீக்கடைக்காரரிலிருந்து கண்டக்டர் வரை அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தேன். எட்டாவது தாண்டாதவனுக்குக் கூடைப்பந்து என்ன தெரியும் என்று சிரித்தவர்கள் இப்போது என் முகத்தையே பார்க்கிறார்கள். எனக்குத்தான் பதிலுக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

பட்டணத்துத் துணி ஆலை ஒன்று தன் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுக்க நம் ஊருக்கு வந்தது. எடுபட்டால் ஆலையிலேயே நிரந்தர வேலை. கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவன், ஒரே ஒருவன்தான் வேண்டுமாம். உன் மகன் சேகருக்கு அது கிடைத்தால் என் தங்கை கமலா நெல் அவிக்கிற களத்துக்குப் போவதை நிறுத்திவிடலாம். நீ கண்ணை மூடிய பிறகு அவள் கையைப் பார்த்தாயா?

இரண்டு பேரையும் உனக்கு நிறுத்துச் சொல்கிறேன். சேகர் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால், அது வளர்த்த நாய்க்குட்டி மாதிரி அவன் கூடவே வரும். ஒருநாள் அவன் ஆட்டத்தைப் பார்க்க, மைதானத்தை ஒட்டிய தண்டவாளத்தில் எக்ஸ்பிரஸ் வண்டியே நின்றது. சிக்னல் விழவில்லை என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள், நம்பாதே. ரபேல் வேறு ரகம். வலை காயப்போடுகிற மணலில் இரண்டு மரம் நட்டு ஆடிப் பழகியவன். மணலில் பந்து எழும்பாது, அதனால் அவன் தட்டவே மாட்டான். கைக்கு வந்த பந்து கண் இமைப்பதற்குள் அடுத்தவன் கைக்குப் போய்விடும். கெட்டித் தரையென்றால் சேகர், மணலென்றால் ரபேல். இதையும் நான்தான் ஊருக்கெல்லாம் சொன்னேன்.

தேர்வுக்கு முதல்நாள் மழை கொட்டிவிட்டது. நீ உருளை இழுத்து இழுத்து இறுக்கிவைத்த மைதானம் சேறாகக் கிடந்தது. கல்யாணப் பந்தலில் ஈரம் நின்றால் நம் பக்கத்தில் என்ன செய்வோம்? மணல் கொட்டுவோம். நானும் பாலாற்றிலிருந்து வண்டி வண்டியாக மணல் அடித்து, நானே நின்று பரப்பினேன். மாமல்லபுரத்துக் கடற்கரை தோற்றது போ!

ரபேல் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தான். மைதானத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சிரித்தான்.

"இன்னா மாமா, எங்க கோவளத்தையே தூக்கினு வந்துட்ட?"

"ஒனக்கோசரம்தாண்டா. உன் வூடு மாதிரி நெனச்சி ஆடு" என்று நானும் ஜம்பமாகச் சொன்னேன். சேகர் என்னைத் திரும்பிப் பார்த்தான். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை.

சேகர் முதல்முறை தட்டிய பந்து முழங்காலுக்குக்கூட எழவில்லை. அடுத்தமுறை மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அவன் குனிந்து எடுப்பதற்குள் ரபேல் எடுத்தான், கொடுத்தான், கூடையில் விழுந்தது. திரும்பத் திரும்ப அதேதான். ஆள் எடுக்க வந்த ஆலை மாஸ்டர் அவனைக் கூப்பிட்டுப் பெயர் கேட்டார். சேகரின் பெயரை யாரும் கேட்கவில்லை.

நான் அவர் பின்னாலேயே ஓடினேன். "சார், தரை செரியில்ல சார். காஞ்சப்புறம் இன்னொரு தபா ஆடவுட்டுப் பாரு சார்."

"எந்தத் தரையா இருந்தா இன்னாப்பா? கார்டுன்னா ஆடணும்" என்று ஜீப்பில் ஏறிவிட்டார்.

அவர் சொன்னதும் நியாயந்தான். அதுதான் மாப்பிள்ளை, என்னைப் போட்டு அரிக்கிறது. ரபேல் மேல் கோபப்படலாம் என்றால் அவனும் நல்லவனாக இருக்கிறான். போகும்போது சேகரைக் கட்டிப்பிடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினான். காய்ந்த தரையாக இருந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்? நீ இருந்தால் சொல்லியிருப்பாய்.

வீட்டுக்கு வந்ததும் சேகர் என் தோளைத் தட்டி, "வுடு மாமா, மழ பேஞ்சா நீ இன்னா பண்ணுவ?" என்றான். பிறகு சோற்றுக்கு உட்கார்ந்தான். மறுநாள் கமலா வழக்கம்போல் களத்துக்குக் கிளம்பினாள்.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். உன்னிடம் இதை மட்டும் தாண்டிப்போக முடியவில்லை. அவன் என் தோளைத் தட்டவில்லை மாப்பிள்ளை. "வுடு மாமா" என்றும் சொல்லவில்லை. அது நானாகக் கட்டியது. அன்றிலிருந்து அவன் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வாசலுக்கு வந்தால் பின்கட்டு வழியாக வெளியே போய்விடுகிறான்.

மணல் இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. நாளைக் காலையில் மண்வெட்டியோடு போகிறேன். வண்டியும் வேண்டாம், ஆளும் வேண்டாம். கூடை கூடையாக நானே அள்ளி, உருளையையும் நானே இழுத்து, உன் தரையைப் பழையபடி ஆக்கித் தருகிறேன். அவன் வந்து பந்து தட்டினாலும் சரி, தட்டாவிட்டாலும் சரி.

கமலாவின் அண்ணன்,
உன் மச்சான்
துரைசாமி