செவலையின் தழும்பு

1911 மார்ச் 9, இரவு. பள்ளிகொண்டா.

ஆம்பூரைக் காலி செய்துகொண்டு பட்டணம் போகிறோம். ரயிலுக்குக் கட்டுப்படியாகாது. பதனிட்ட தோல் ஏற்றிப் போகும் மாட்டுவண்டியிலேயே சாமானோடு நாங்களும் ஏறிக்கொண்டோம்.

மகள் எஸ்தரைத் தோல்கட்டின் மேல் படுக்கவைக்க லாந்தரைத் தூக்கினேன். மேலே இருந்த தோலில் ஒரு சூட்டுத் தழும்பு. பிறை போல வளைந்து, முடிவில் கம்பி வழுக்கிய கோடு. எங்கள் பசு செவலைக்கு நோய் கண்டபோது வைத்த சூடு. அன்று கயிற்றைப் பிடித்திருந்தவன் நான்.

"இன்னா வாத்தியாரே, அப்படிப் பாக்கறீங்க?" என்றார் வண்டிக்கார பாய். "நெமிலி சரக்கு. தழும்பு இருக்குது, வெல கம்மிதான்."

செவலையை வாங்கிப்போனவனும் நெமிலிக்காரன்தான். பாலுக்கு என்று சொன்னான்.

அடுப்பு மூட்டிக்கொண்டே மேரி கேட்டாள்: "ஏங்க, வண்டி நெமிலி வழியா போவுமா? செவலைய ஒரு தடவ பாத்துட்டுப் போலாமே."

"சுத்து வழி" என்றேன்.

தழும்பு தெரியாதபடி என் வேட்டியை விரித்தேன். எஸ்தர் தூக்கத்தில் அதை உதைத்துத் தள்ளிவிட்டாள். கன்னத்தை அந்தத் தோலில் அழுத்திக்கொண்டு தூங்குகிறாள், தொழுவத்தில் செவலையின் வயிற்றில் சாய்ந்து தூங்குவாளே, அப்படியே.