சூசையப்பர் சபைக்கு இன்று அம்மா இட்லி இல்லை

அப்பா,

உங்கள் ஆண்கள் சபையின் மாதக் கூட்டம் இன்று நம் வீட்டில். மாவு ஃபிரிட்ஜில் இருக்கிறது. லைட்டரை இரண்டு முறை அழுத்தினால்தான் அடுப்பு பற்றும். சபைத் தலைவர் என்று சொன்னாலும் அதற்குப் புரியாது.

நேற்று ஜெபத்தில் நம் கோயில் பங்கிலுள்ள நோயாளிகளை எல்லாம் பெயர் சொல்லி வேண்டினீங்க. வியாழக்கிழமையிலிருந்து காய்ச்சலில் கிடக்கும் அம்மாவின் பெயர் ஜெபம் முடிந்த பிறகுதான் வந்தது: "பவுலினு, காலைல இருபது பேருக்கு டிபன் பண்ணீரு."

"சரிங்க" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாங்க. நீங்கள் முதல் பூசைக்குப் போன நேரத்தில் அம்மாவை வெள்ளகோவில் சித்தி வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். ஃபோன் பண்ணாதீங்க, தூங்கட்டும்.

கூட்டம் முடிந்து மாதாமாதம் ஒரு நோயாளியைப் பார்க்கப் போவீங்களே, இந்த மாதம் வெள்ளகோவிலுக்கு வாங்க. சபையோடு வேண்டாம், தனியாக வாங்க.

கிளமென்ட்

பி.கு.: சட்னிக்கு இன்னாசி மாமாவைக் கூப்பிடுங்க. இன்று சகோதர அன்பைப் பற்றிப் பேசப்போவது அவர்தானே.

இன்னொன்று: உங்கள் பிரஷர் மாத்திரை டிவி பக்கத்தில் இருக்கிறது. இதை எழுதச் சொன்னது அம்மா. நான் இல்லை.