காதோரம் வெட்டும்போது சொல்லும் கதை

ஜூன் 4

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் இன்று தம்ளரைக் காட்டி, "இது என்னங்க ஐயா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார், மூடினார், அழுதுவிட்டார். பக்கவாதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. முடி வெட்டிக்கொண்டே உலகத்துக் கதையெல்லாம் அளந்த மனுஷன். "கொஞ்சம் வாயை மூடுங்களேன்" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! என் நாக்கில்தான் சனி.

ஜூன் 9

ஒன்றுமில்லை.

ஜூன் 11

ரொம்ப நாள் சொல்லிப் பழகிய வார்த்தைகள் சிலருக்கு உள்ளே தங்கியிருக்குமாம். "பாட்டோ கதையோ, நீங்க ஆரம்பிச்சுப் பாதியில நிறுத்திப் பாருங்கம்மா" என்றாள் அந்தப் பெண். இவருக்குப் பாட்டு வராது. ஆனால் குழந்தைகள் தலையை ஆட்டாமல் உட்கார, சலூனில் ஒரு கதை சொல்வார். இருபது வருஷமாக ஒரே கதை. மூன்றாவது இளவரசன் குகைக்குள் போகும்போது பிள்ளைகள் மூச்சுக்கூட விடாது. காதோரம் வெட்டுவது அப்போதுதான்.

"ஒரு ஊர்ல ஒரே ஒரு..." என்று நிறுத்தினேன்.

"ராஜா" என்றார்.

அடுப்படிக்கு ஓடிப்போய் அழுதேன்.

ஜூன் 23

"ராஜாவுக்கு மூணு..." "பசங்க." "மூத்தவன் போனான்..." "தோத்தான்." "ரெண்டாமவன் போனான்..." "தோத்தான்." எல்லாம் வருகிறது. தண்ணீர் கேட்க மட்டும் வரவில்லை.

கொழுந்தன் வந்து பார்த்தான். "அண்ணி, இது டேப் ரெக்கார்டர் மாதிரி. அண்ணன் உள்ள இருக்காரான்னே தெரியல" என்றான். வாசலைக் காட்டினேன். ஆனால் அவன் சொன்னது பொய் என்று எனக்கு மட்டும் தெரியுமா?

ஜூலை 2

அந்தப் பெண்ணும் தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டாள். "சொந்தமா ஒரு வார்த்தை வரணும்மா. இந்த மாசத்துக்குள்ள வரலன்னா..." பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கதைகளில் சாபம் கொடுக்கிறவர்கள் விமோசனத்தையும் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். எங்களுக்கு யார் சொன்னது?

ஜூலை 8

நான் பாவி. காலையிலிருந்து நாலு தடவை அதே ராஜா, அதே பசங்க. தாங்க முடியல. அஞ்சாவது தடவை, "மூணாவது பையன் போனான்" என்றதும் "ஜெயிச்சான்" என்று அவர் வாயெடுப்பதற்குள் கத்திவிட்டேன்: "அவனும் தோத்துட்டான்! எல்லாரும் செத்தாங்க! கதை முடிஞ்சுது, போதுமா?"

நல்லா இருக்கிற இடது கையால் என் தலையைப் பிடித்து நேராக நிறுத்தினார், சலூனில் பிள்ளைகளைப் பிடிக்கிற மாதிரியே. முகமெல்லாம் கோபம்.

"இல்ல" என்றார்.

இந்த வார்த்தை கதையில் கிடையாது. படுத்த நாளிலிருந்து அவர் வாயில் வந்ததும் கிடையாது.

ஜூலை 9

அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்திருக்க, இன்று வேண்டுமென்றே தப்பாகச் சொன்னேன். இளவரசனின் குதிரையைக் கழுதையாக்கினேன். "இல்ல." குகையிலிருக்கும் ராட்சசி தங்கமானவள் என்றேன். "இல்ல." அந்தப் பெண் நோட்டில் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

மூன்றாவதாக, "அப்புறம் அந்த ராஜா கடைசிவரைக்கும் பேசவே இல்ல" என்றேன்.

அவர் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"இல்ல" என்றார்.