கல்லுக்கு அடியில் வைத்த காகிதம்

அன்பு மகள் லெவினாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் வயிற்றுப் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். இங்கே எங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை. குளிர்தான். காலையில் குழாய்த் தண்ணீர் உறைந்துவிடுகிறது. உன் தம்பி டார்சி பந்தாட்டத்தில் முட்டியைப் புடைக்க வைத்துக்கொண்டு நொண்டுகிறான், உன் மஞ்சள் நாய் ஆறு குட்டி போட்டது, இரண்டு தங்கவில்லை. தொலைபேசிக் கோபுரம் மறுபடியும் செத்துக் கிடக்கிறது, அதனால் இதை விமானத்தில் வரும் நர்ஸ் கையில் கொடுத்தனுப்புகிறேன். கோபுரம் உயிரோடு இருந்தாலும் இதை வாயால் சொல்லியிருக்கமாட்டேன்.

உன் புருஷனுக்கு மூன்று மாதம் போட்டது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். ஆலிஸ் நகரத்தில்தான் இருக்கிறார், பிரசவத்துக்கு நீ தங்கியிருக்கும் விடுதியிலிருந்து அரை மணி தூரத்துச் சிறையில். எப்படி ஆயிற்று என்பது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டிய வழக்குக்காகக் கோர்ட் நம் ஊருக்கு வந்து கவுன்சில் அறையில் உட்கார்ந்ததே, அன்றைக்கு மொழிபெயர்க்கிறவர் வரவில்லை. வழக்கைத் தள்ளிவைத்து ஜாமீன் கொடுத்து, ஒரு காகிதத்தை உன் புருஷன் கையில் திணித்து அனுப்பிவிட்டார்கள். அதற்கு முந்தின நாள்தான் நீ பிரசவத்துக்கு விமானம் ஏறினாய். நீ இருந்திருந்தால் நீ படித்திருப்பாய். நம் ஊர்ப் பெரியவர்களில் படிக்கத் தெரிந்தவர்களை ஒரே வண்டியில் ஏற்றிவிடலாம், அந்த வாரம் அப்படித்தான் ஏறி அவருடைய மாமா சாவுக்குப் போயிருந்தார்கள். மிச்சம் நான்.

மறுநாள் காலை வந்தார். நம் முற்றத்துக்கு வெளியே டயர் இல்லாமல் நிற்கும் காரின் மேல் காகிதத்தை விரித்து, பறக்காமல் ஒரு கல்லை வைத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஏழு வருஷமாக நீதான் எங்கள் நடுவில் நின்றாய். மருமகன் முகத்தை நான் பார்த்ததில்லை, என் குரல் அவர் காதில் நேராக விழுந்ததில்லை. மாமியாரும் மருமகனும் நேரில் பேசக்கூடாது என்ற அந்த மரியாதையில் அவர் ஒரு நாளும் தவறியதில்லை, கங்காரு வால் சுட்டால் முதல் துண்டு உன் கையில் என்னிடம் வந்துவிடும். நான் போய்க் காகிதத்தை எடுத்துப் படித்தேன். இரண்டு தடவை. நோலீன் டீச்சரிடம் பதினான்கு மாதம் எழுத்து வகுப்புக்குப் போன பிறகு நான் படித்த முதல் நிஜக் காகிதம். திங்களும் வெள்ளியும் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடவேண்டும், ஒரு நாள் தவறினாலும் பிடித்துப்போவார்கள். எல்லாம் புரிந்தது. இருபது அடியில் அவர் முதுகு. பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கலாம், அவருக்குப் படிக்கத் தெரியாது. கத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

டார்சி வெளியூர்ப் பந்தாட்டத்துக்குப் போயிருந்தான், உன் கோரல் அத்தை வந்தால் அவளிடம் சொல்லியனுப்பலாம் என்று காத்திருந்தேன். வந்தாள், சாவுக்குப் போகும் அடுத்த வண்டியில் தொங்கிக்கொண்டு. நான் காகிதத்தை ஆட்டி, இரு, ஒன்று சொல்லவேண்டும் என்றேன். அவள், "நாலு எழுத்து வந்ததும் எங்களையும் வகுப்புல உட்கார வைக்கப் பாக்குறியாடி? அங்க அழ ஆளில்லாம கிடக்கு, வந்து கேட்டுக்கிறேன்" என்றாள். வண்டியே சிரித்தது. அவர் எழுந்து பின்னால் ஏறிக்கொண்டார். தாய்மாமன் சாவு, போகாமல் இருக்க முடியாது. வண்டியில் யாரோ காகிதத்தைப் பற்றிக் கேட்டதற்கு, "அந்தப் பக்கத்துலேருந்து ஒண்ணும் வரல, அப்ப ஒண்ணும் இருக்காது" என்றாராம். நான் பேசாமல் நின்றதைப் பதில் என்று எடுத்துக்கொண்டார். நான் காவல் நிலையத்துக்கு ஓடி, அவர் சாவுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னேன். "அவனையே வந்து சொல்லச் சொல்லும்மா" என்றார் சார்ஜென்ட். சாவு வீட்டில் அழுகை ஒன்பது நாள் நீண்டது. திரும்பும் வழியில் அவரைப் பிடித்துவிட்டார்கள்.

இனிமேல் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். அவருக்குச் சட்ட உதவி செய்ய வந்த பெண் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "இதை அப்படியே எழுதிக் குடுங்கம்மா, அவருக்குத் தெரியவே தெரியாதுன்னு நீதிபதிக்கு விளங்கிடும்" என்றாள். எழுதினேன். இரண்டு பக்கம். பேச்சுதானே கூடாது, எழுத்து பேச்சில்லையே என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது, அதையும் மறைக்கவில்லை. ஆலிஸ் கோர்ட்டில் அதை உரக்க வாசித்தார்களாம். அன்றைக்குப் பார்த்து மொழிபெயர்க்கிறவர் வந்திருந்தார். வரிக்கு வரி நம் பாஷையில். நான் காகிதத்தை எடுத்தேன், நான் அவர் முதுகைப் பார்த்தேன், நான் வாயைத் திறக்கவில்லை. அத்தனை பேர் நடுவில் நான் அவர் காதில் பேசியிருக்கிறேன் லெவினா. கோரல் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "சட்டையை இழுத்து மூஞ்சியை மூடிக்கிட்டான் பெரில். நீ கதவைத் தொறந்து உள்ள வந்த மாதிரி." அப்போது பார்த்து நீதிபதி கேட்டிருக்கிறார், காகிதம் புரிந்ததா என்று. ஆமாம். திங்கட்கிழமை வரவேண்டும் என்று தெரியுமா. ஆமாம். வேறு ஏதாவது சொல்லவேண்டுமா. ஆமாம். சரி சொல் என்றதற்கும் ஆமாம். ஆளைக் கொன்றாயா என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். என் குரல் நிற்கவேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. நான் எழுதிய இரண்டு பக்கமும் பொய் என்று ஆகிவிட்டது.

வகுப்புச் சுவரில் ஒட்ட என் கடிதத்தின் நகல் வேண்டும் என்று நோலீன் கேட்டாள். அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

மேல்முறையீட்டுக்கு இருபத்தெட்டு நாள், பதினொன்று போய்விட்டது. அந்தப் பெண் இன்னொரு தடவை எழுதச் சொல்கிறாள். மாட்டேன் என்றுவிட்டேன். இனி அவர் வாயிலிருந்துதான் வரவேண்டும். சனிக்கிழமை பார்க்க விடுவார்களாம். போ. கனமான வயிறு, நடக்காதே, விடுதி வண்டியைக் கேள். எதிரே உட்கார்ந்து நீதிபதி மாதிரிக் கேள், காகிதம் புரிந்ததா என்று. உன் வயிற்றைப் பார்த்து உன்னிடமும் ஆமாம் என்பார். கோபப்படாதே. மறுபடி கேள். இல்லை என்று சொல்ல அவருக்கு வரும்வரை கேள். பெரிய மனிதர் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு ஆகாது என்று சொல். அதில் எனக்கே இன்னும் முழுதாக நம்பிக்கை இல்லை, ஆனாலும் சொல்.

இரும்பு மாத்திரையை மறக்காதே. நம் மண்ணும் அதில் கிடக்கும் பெரியவர்களும் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும், பிள்ளையோடு வா, நம் வழக்கப்படி தழைப்புகை காட்டித் தூக்கிக்கொள்கிறோம்.

ஒன்றே ஒன்று. இந்தக் கடிதத்தை அங்கே கொண்டுபோகாதே. இதில் ஒரு வரிகூட அவர் காதில் விழக்கூடாது.

உன் அம்மா,
பெரில்