ஓடிபி என் போனுக்குத்தான் வரும்

குணா,

அடுப்பின் மேல் தக்காளி சாதம் இருக்கிறது. முட்டையை நீயே பொரித்துக்கொள், அந்த அளவுக்கு நான் நல்லவள் இல்லை.

பதினோரு மணிக்கு டைல்ஸ் மேஸ்திரி வருவார். ஒரு மாதமாகக் கன்னடத்தில் "நாளெ பர்த்தீனி", நாளைக்கு வருகிறேன், என்றே ஓட்டியவர், இன்று நிஜமாகவே வருகிறாராம். பாத்ரூமைக் காட்டு. என்னோடுதான் உனக்குப் பேச்சில்லை, அவரோடு பேசலாம். ஆனால் "லோன் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று பழைய பாட்டை ஆரம்பிக்காதே. லோன் முடியப் பன்னிரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை நாம் குளிக்கிற தண்ணீர் கீழ்வீட்டு ரஞ்சிதம் ஆன்ட்டி தலையில் சொட்டும். வீடு இன்னும் பேங்குக்குத்தான் சொந்தம் என்கிறாயே, அப்படியானால் மேனேஜரையே வந்து பக்கெட் வைக்கச் சொல்.

வெளியே போனால் சாவியை ஆன்ட்டியிடம் கொடு. திட்டினால் வாங்கிக்கொள்.

இன்னொன்று. நான் தூங்குகிறேன் என்று நினைத்து, காலை ஐந்தரைக்கு நம் சேமிப்பு மொத்தத்தையும் லோனில் கட்டப் பார்த்தாய். திருட்டு வேலை செய்கிறவன், அந்த அக்கவுண்டில் யார் நம்பர் இருக்கிறது என்று யோசிக்க வேண்டாமா? ஓடிபி என் தலையணைக்கு அடியில் வந்து சிணுங்கியது. நீ ஹாலில் உன் போனை முறைத்துக்கொண்டு நின்றதைப் போர்வைக்குள்ளிருந்து பார்த்தேன். சிரிப்பை அடக்கியதில் இன்னும் வயிறு வலிக்கிறது.

ஆஷா

பி.கு: பாதியைப் பாத்ரூமுக்கு வை. மீதியைக் கட்டு, எனக்குச் சம்மதம்.

இன்னும் ஒன்று: கட்டும்போது ஓடிபி கேட்டு போன் செய். மெசேஜ் போட்டால் தரமாட்டேன். உன் குரலைக் கேட்டு மூன்று நாள் ஆகிறது.