தை வெள்ளியில் தராத நோட்டு

18-1-1957, வெள்ளி

கடலை விலை இன்னும் ஏறும். மண்டியில் மூட்டை வைக்க இடமில்லை, ஆனாலும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன். "கடன் வாங்கிக் கடலை வாங்குறது எந்த ஊரு வழக்கம்?" என்கிறாள் உண்ணாமலை. கட்டினவள் என்றாலும் மண்டி யாவாரம் அவளுக்கு என்ன தெரியும்?

விளக்கு வைத்த பிறகு திருவரங்குளத்து ஆண்டியப்பன் பெண்சாதி செவந்தியோடு வீட்டுக்கு வந்தான். விதைக் கடலைக்கு என்னிடம் வாங்கிய ஐந்நூறையும் வட்டியையும் கொண்டுவந்தான். காலணா பாக்கியில்லை. பணத்தை விளக்கு முன்னால் வைக்கச் சொன்னேன். அவன் எழுதிக் கொடுத்த புரோநோட்டைக் கேட்டான். தை வெள்ளியும் அதுவுமாக, விளக்கு வைத்த பிறகு பெட்டியைத் திறந்து எதையாவது வெளியே கொடுப்பார்களா? பணம் உள்ளே வரலாம், காகிதம் வெளியே போகக்கூடாது. "நாளைக்கு வந்து வாங்கிக்கப்பா" என்றேன்.

"என்னண்ணே அவசரம்? ஒங்க பெட்டியில இருந்தா என் மடியில இருந்த மாதிரி" என்றான். நல்ல பயல். காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

3-2-1957

விலை ஏறக் காணோம். ஆண்டியப்பன் நோட்டு வாங்க வரவில்லை. வந்தால் அவன் கண் முன்னால் கிழித்துக் கொடுக்கலாம்.

6-3-1957

விலை விழுந்தே விட்டது. ஜவுளிக்கடை மரியசெல்வத்திடம் வாங்கின கடன் கழுத்தில் நிற்கிறது. இன்று மண்டிக்கு வந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. நியாயஸ்தர்தான், சத்தம்கூடப் போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கடைசியில் குடியானவர்கள் எனக்கு எழுதிக் கொடுத்த நோட்டுகளை அவர் பேருக்கு மேடோவர் பண்ணினேன். ஒவ்வொன்றின் முதுகிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. இனி அந்தப் பணத்தை வசூல் செய்யும் உரிமை அவருடையது. கட்டோடு கட்டாக ஆண்டியப்பன் நோட்டும் போய்விட்டது போலிருக்கிறது. அவசரத்தில் கவனிக்கவில்லை. அடுத்த மாதம் பணம் கட்டி மீட்டுவிடலாம்.

7-3-1957

ராத்திரி தூக்கமில்லை. வெயில் காலம் ஆரம்பித்துவிட்டது.

19-8-1957

ஆண்டியப்பன் வந்தான். கையில் மரியசெல்வத்தின் வக்கீல் நோட்டீஸ். ஐந்நூறும் வட்டியும் உடனே கட்டாவிட்டால் கேஸ் போடுவாராம்.

அவன் கோபப்படவில்லை. சிரித்துக்கொண்டே சொல்கிறான் பாவி. "நம்ம நோட்டு தவறி அங்கிட்டுப் போயிருச்சு போலண்ணே. எம்மேலதான் தப்பு, மறுநாளே வந்து வாங்கியிருக்கணும். நீங்க அவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

பார்க்கிறேன் என்றேன். அவனுக்கு மோர் கொடுக்கச் சொன்னேன். மோர்! ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு தம்ளர் மோர்.

2-9-1957

கேஸ் போட்டுவிட்டார். ஆண்டியப்பன் பேரில் மட்டும். வக்கீலைப் பார்க்கப் போனேன்.

"அவன் கட்டியது உங்களுக்கும் அவனுக்கும் உள்ள விஷயம். மரியசெல்வம் அதை அறியார். தனக்கு வரவேண்டிய கடனுக்கு ஈடாக, நல்லெண்ணத்தில் நோட்டை வாங்கியவர். அவர் உரிமை கெடாது. பணத்தைக் கட்டியவன் நோட்டைத் திரும்ப வாங்காமல் போனால் சட்டம் என்ன செய்யும்?" என்றார்.

வாங்கத்தானே வந்தான். நாளைக்கு வா என்றது யார்? அதை வக்கீலிடம் சொல்லவில்லை.

"அப்ப நான்?"

"முதுகில் கையெழுத்துப் போட்டவரும் பொறுப்புதான். ஆனால் யாரைப் பிடிப்பது என்பது நோட்டு வைத்திருப்பவர் இஷ்டம். சிநேகத்துக்காக உங்களை விட்டிருக்கிறார். பேசாமல் இருங்கள்."

கோர்ட்டில் ஏறி, பணம் வாங்கிவிட்டேன் என்று சொன்னால்? "அதனால் அவன் தப்ப மாட்டான், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். நோட்டைப் பணம் கட்டி மீட்டால்தான் அவன் தப்புவான்" என்றார்.

பேசாமல் இருங்கள் என்றதும் மனசு லேசானது. ஓட்டலில் இரண்டு இட்லி கூடுதலாகவே சாப்பிட்டேன். மனுசனா நான்?

15-9-1957

செவந்தி தனியாக வந்தாள்.

"அண்ணே, அவுக வெள்ளந்தி. நோட்டு தவறிப் போச்சுன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறாக. நீங்க சொல்லுங்க. தவறியா போச்சு?"

"போ தாயி, பார்த்துக்கலாம்" என்றேன். அவள் போகவில்லை. கூடத்து விளக்கைக் காட்டி, "இதுக்கு முன்னாலதான வச்சோம்" என்றாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. வீடு தேடி வந்து மல்லுக்கு நிற்கிறாயா என்று கத்தினேன். போய்விட்டாள்.

கத்த எனக்கு என்னடா யோக்கியதை இருக்கு?

மார்ச் ஆறாம் தேதி எழுதியது பொய். யாரும் படிக்காத இந்த டைரியிலும் பொய்தான் எழுதியிருக்கேன். நோட்டு தவறிப் போகல. மத்ததெல்லாம் சேத்தும் கணக்கு எட்டல. ஆண்டியப்பன் நோட்டை எடுத்தேன், திரும்ப வச்சேன், மறுபடி எடுத்தேன். அவன் கைநாட்டைப் பாத்துக்கிட்டேதான் முதுகுல கையெழுத்துப் போட்டேன்.

16-9-1957

உண்ணாமலையிடம் சொன்னேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. "கடலை உடைக்கிற மிஷினை வித்துருங்க" என்றாள். மிஷின் போனால் மண்டியில் பாதி போச்சு என்றேன். "இப்ப மட்டும் என்ன இருக்குதாம்?"

யோசிக்க வேண்டும்.

4-10-1957

யோசித்துக்கொண்டே இருந்தேன். ஆண்டியப்பன் மாட்டை விற்றுவிட்டான். வக்கீலுக்கும், தவணை கேட்டு மரியசெல்வத்துக்கு முன்பணமாகவும் போய்விட்டதாம். உழவு நேரத்தில் ஏர்மாட்டை விற்றிருக்கிறான். மண்டிக்கு வந்த திருவரங்குளத்து ஆள் சொன்னான். அழுதேன். பிறகு போய் மிஷினுக்கு விலை பேசினேன்.

9-10-1957

மிஷினை விற்று, ஆண்டியப்பன் கட்டிய முன்பணம் போக மிச்சத்தைக் கட்டி நோட்டை மீட்டேன். மரியசெல்வத்திடம் நடந்ததை மறைக்கவில்லை. கேஸை வாபஸ் வாங்குகிறேன் என்றார். "என்னையும் இந்தப் பாவத்துல சேத்துட்டீங்களே" என்றார். அதற்கும் தலையாட்டினேன்.

10-10-1957

திருவரங்குளம் போனேன். வழியெல்லாம் நிறையப் பேச்சு வைத்திருந்தேன். கட்டுத்தறி காலியாக இருந்ததைப் பார்த்ததும் எல்லாம் போச்சு. நோட்டைக் கொடுத்தேன்.

"தெரிஞ்சா பண்ணுனீங்க, அண்ணே?" என்றான்.

"தெரிஞ்சுதான்."

அவன் கிணற்றுப் பக்கம் போய்விட்டான். செவந்திதான் பேசினாள். "மாட்டுப் பணத்துக்கு நோட்டு எழுதிக் குடுங்க." மாடு விற்ற முந்நூறுக்கு எழுதினேன். இத்தனை வருஷம் நோட்டை வாங்கியே பழகின கை, முதல் தடவையாக முன்பக்கம் ஸ்டாம்பு மேல் கையெழுத்துப் போட்டது.

ஏர்மாடு இல்லாமல் உழவு நின்ற நஷ்டத்துக்கு எந்தக் காகிதத்தில் எழுதிக் கொடுக்க?

31-1-1958, வெள்ளி

மாட்டுப் பணத்தில் கடைசித் தவணையும் புரண்டது. கையில் வைத்திருந்தால் வேறு செலவுக்குப் போய்விடும் என்று பயந்து உடனே கிளம்பினேன். பஸ் வழியில் நின்றுவிட்டது. திருவரங்குளம் போய்ச் சேர்ந்தபோது கோயிலில் தீபாராதனை மணி. செவந்தி வீட்டில் விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள்.

பணத்தை விளக்கு முன்னால் வைத்தேன். ஆண்டியப்பன் எண்ணிப் பார்த்தான். போன வருஷம் நான் எண்ணவில்லை என்று ஞாபகம் வந்தது.

அவன் நோட்டுக்காக எழுந்தபோது தடுத்தேன். "தை வெள்ளி. வெளக்கு வச்சாச்சு. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன், ஒன்னும் அவசரமில்லை." அவர்கள் என்னை நம்பியது போல நானும் அவர்களை நம்புகிறேன் என்று காட்ட ஆசைப்பட்டேன். வெட்கங்கெட்ட ஆசை.

செவந்தி உள்ளே போனாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. நோட்டைக் கொண்டுவந்து, விளக்கைத் தாண்டி என் கையில் கொடுத்தாள்.

"வெள்ளிக்கிழமைன்னா என்ன, இருக்கட்டும். ஒங்க காகிதம் ஒரு ராத்திரிகூட எங்க வீட்டுல தங்க வேணாம், மொதலாளி."

ஆண்டியப்பன் பஸ் ஏற்றிவிட வந்தான். பஸ் வந்ததும், "பாத்து ஏறுங்க மொதலாளி" என்றான்.